அக்சஸிலிருந்து வழங்கிக்கு: கடவுச்சொல் கேட்காத இணைப்பைப் பற்றி

யாழ்ப்பாணத்தின் கூட்டுறவுச் சங்கங்கள், தனியார் மருத்துவ நிலையங்கள், கஸ்தூரியார் வீதியின் மொத்த வியாபாரக் கடைகள் ஆகியவற்றில் கணினி வேலை பார்த்துத் திரிகிற எனக்கு, பல இடங்களில் ஒரே அமைப்புத்தான் காணக் கிடைக்கிறது. மேசைக் கணினிகளில், எப்போதோ ஒருவர் மைக்ரோசொஃப்ட் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் செய்துகொடுத்த படிவங்களும் அறிக்கைகளும் இருக்கும். தரவு மட்டும் பின்னறையில் யூ.பி.எஸ். இரைச்சலுக்கு நடுவே நிற்கும் ஒரு வழங்கிக்கு, அதாவது மற்றக் கணினிகளுக்கெல்லாம் தரவைத் தரும் சேர்வர் கணினிக்குப் பெயர்ந்திருக்கும். 1992 நவம்பரில் வெளிவந்த அக்சஸ், படிவங்களை விரைவாக ஆக்கிக்கொள்ளும் வசதியால் சிறிய அலுவலகங்களில் வேரூன்றியது. ஆனால் அதன் கோப்பு 2 கிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. பலர் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கையில் வலையமைப்பு ஒரு கணம் அறுந்தால் கோப்பே பழுதாகிவிடக்கூடும். மின்சாரம் சொல்லாமல் போகிற ஊரில் இந்த இரண்டாவது காரணமே பெரிது. ஆகவே தரவை, மைக்ரோசொஃப்ட்டின் வழங்கித் தரவுத்தள மென்பொருளான எஸ்.கியூ.எல். சேர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸுக்கு மாற்றுவார்கள். தரவுத்தளம் ஒன்றுக்கான அதன் எல்லை 2008 ஆர்2 பதிப்பில் 10 கிகாபைட்டாக உயர்ந்தது. ஒரு சங்கத்தின் அடகுப் பதிவுகளும் அங்கத்தவர் கணக்குகளும் நிறைவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

ஊழியர்கள் பழகிய படிவங்கள் அப்படியே இருக்கும். மாறுவது ஒன்றுதான். காலையில் முதல் அட்டவணையைத் திறந்ததும் ஒரு சிறிய பெட்டி தோன்றிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். ஒரு சங்கத்தின் காசாளர் அக்கா என்னிடம் இதைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது: "தம்பி, நாங்கள் என்ன கள்ளரே? ஒவ்வொரு நாளும் இது எங்களை ஆர் எண்டு கேட்டுக்கொண்டு நிக்குது." அவர் மேசையின் கண்ணாடிக்கு அடியில், நல்லூர்த் திருவிழா நாட்குறிப்புக்குப் பக்கத்தில், அந்தக் கடவுச்சொல் எழுதிய துண்டு இருந்தது. பெட்டி கேட்பது தொல்லை என்பதால் அதை இல்லாமற் செய்துதரும்படி முகாமையாளர்கள் கேட்கிறார்கள். அந்த வேண்டுகோள் நியாயமானது. ஒரு நாளில் பலமுறை தட்டச்சு செய்யவேண்டிய இரகசியம் கண்ணாடிக்கு அடியில்தான் போய்ச் சேரும். ஊழியரைக் கண்டித்து அதை மாற்ற முடியாது.

ஆனால் பெட்டியை இல்லாமற் செய்வதற்கு வழிகள் பல உண்டு, அவற்றுள் மிக எளியதே மிக மோசமானது. அக்சஸ் வழங்கியுடன் ஓ.டி.பி.சி. என்னும் பொது இடைமுகத்தின் ஊடாகப் பேசுகிறது. வழங்கியில் உள்ள அட்டவணை ஒன்றை அக்சஸுடன் இணைக்கும்போது, இடையே நின்று பேசும் எந்த இயக்கியைப் (டிரைவர்) பயன்படுத்துவது, எந்த வழங்கியிடம் செல்வது, அங்கே எந்தத் தரவுத்தளம் என்பவை அடங்கிய இணைப்புச் சரம் ஒன்று அந்த அட்டவணையின் பண்பாகப் பதிவாகிறது. அட்டவணையை இணைக்கும் சாளரத்தில், கடவுச்சொல்லையும் சேமிக்கவா என்று கேட்கும் ஒரு சதுரம் இருக்கிறது. அதில் சரி அடையாளம் இட்டுவிட்டால் பெட்டி மறுபடி வராது. அவசரத்தில் வேலை முடிப்பவர்கள் அதைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள்.

சேமித்த கடவுச்சொல் எங்கே போகிறது என்று பார்த்தவர்கள் அந்தச் சதுரத்தைத் தொட மாட்டார்கள். அது அக்சஸ் கோப்பின் உள்ளேயே, எம்சிஸ்ஒப்ஜெக்ட்ஸ் என்னும் மறைந்த முறைமை அட்டவணையில், இணைப்புச் சரத்தின் ஒரு பகுதியாக, எந்த மறைப்பும் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. கண்ட்ரோல் விசையையும் ஜீ எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திறக்கும் சாளரத்தில், அட்டவணையின் இணைப்புப் பண்பைக் காட்டும்படி ஒரு வரி எழுதினால், வழங்கியின் பெயர் முதல் கடவுச்சொல் வரை ஒரே வரியில் வந்து நிற்கும். அக்சஸ் கோப்பைத் திறக்கவே தேவையில்லை. வேறொரு வெற்றுக் கோப்பிலிருந்து முதற்கோப்பின் அட்டவணை விவரங்களை வாசித்தாலும் அது கிடைக்கும். முகப்புக் கோப்பை ஊழியர் ஒருவர் வீட்டில் வேலை செய்வதற்காகப் பென் டிரைவில் எடுத்துச் சென்றிருந்தால், சங்கத்தின் தரவுத்தளத் திறப்பும் அதனோடு போயிற்று. வழங்கிக்கும் அந்த வீட்டுக்கும் இடையே வலையமைப்புத் தொடர்பு இல்லை என்பது மட்டுமே அப்போது மிஞ்சும் காவல்.

இதற்கு மாற்றாகக் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைப்பவர்களும் உண்டு. கோப்பு திறந்ததும் தானாக ஓடும் ஓட்டோஎக்ஸெக் மக்ரோ, ஒரு நிரற்கூற்றை அழைத்து, அதனுள் எழுதப்பட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு இணைப்பை ஏற்படுத்தும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கோப்பைத் திறந்தால் அந்த மக்ரோவைத் தாண்டிவிடலாம் என்பது தெரிந்தவர்கள், அந்த விசையைச் செயலிழக்கச் செய்யும் பண்பையும் அமைப்பார்கள். பிறகு கோப்பை ஏ.சி.சி.டி.இ. வடிவுக்கு மாற்றுவார்கள், அப்போது மூல நிரல் நீக்கப்பட்டுத் தொகுக்கப்பட்ட வடிவம் மட்டும் எஞ்சும். இவ்வளவும் செய்த பின்னும், நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதிய சொற்கள் கோப்பின் பைட்டுகளுக்குள் அப்படியே இருக்கின்றன. கோப்பின் பைட்டுகளை நேரடியாகக் காட்டும் எந்த ஹெக்ஸ் திருத்தியாலும் தேடி எடுத்துவிடலாம். அதைத் தடுக்கச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஓர் எண்ணைக் கூட்டி, தலைகீழாக்கி வைக்கும் சாமர்த்தியங்களையும் கண்டிருக்கிறேன். நிரல் தானே மீட்டெடுக்கக் கூடிய இரகசியத்தை, அந்த நிரலைக் கையில் வைத்திருப்பவரும் மீட்டெடுக்கலாம். திறப்பையும் பூட்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பையின் தையலைப் பற்றிக் கவலைப்படுவதுபோல் இருக்கிறது இந்த முயற்சி.

அக்சஸ் தானே பயனர்களை அடையாளம் காணும் காலமும் ஒன்று இருந்தது. பழைய எம்.டி.பி. கோப்புகளுக்குப் பணிக்குழுக் கோப்பொன்று துணையாக இருக்கும். அதில் பயனர்களும் குழுக்களும் வரையறுக்கப்பட்டிருக்கும். 2007ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த ஏ.சி.சி.டி.பி. வடிவில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதை நினைத்து ஏங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பூட்டும் பலவீனமானதுதான். யார் என்று உறுதி செய்யும் பொறுப்பை மேசையில் கிடக்கும் கோப்பிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. அந்தப் பொறுப்பை ஏற்பதற்கு வழங்கி இருக்கிறது. அல்லது கணினியில் ஏற்கனவே ஊழியரை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்ட விண்டோஸ் இருக்கிறது.

எஸ்.கியூ.எல். சேர்வர் இரண்டு விதமாக ஆளை ஏற்றுக்கொள்ளும். ஒன்று, வழங்கியே தன்னுள் வைத்திருக்கும் பெயரும் கடவுச்சொல்லும். மற்றது, விண்டோஸில் உள்நுழைந்திருப்பவரின் அடையாளத்தை அப்படியே ஏற்பது. இரண்டாவதில் இணைப்புச் சரத்தில் கடவுச்சொல்லே இடம்பெறாது. நம்பகமான இணைப்பு என்பதைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் இருக்கும். கோப்பு யார் கைக்குப் போனாலும் அதில் திருடுவதற்கு எதுவும் இல்லை. ஊழியர் காலையில் கணினிக்குள் நுழையும்போது கொடுத்த கடவுச்சொல்லே போதுமானதாகிறது. தானாக உள்நுழைதல் என்று முகாமையாளர் கேட்டதும் இதுதான். பெரும்பாலான இடங்களில் நான் முதலில் அமைக்க முயல்வதும் இதையே.

அலுவலகத்தில் எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிருவகிக்கும் அக்டிவ் டைரக்டரி டொமைன் இருந்தால் வேலை மிக இலகு. குழு ஒன்றை உருவாக்கி, அந்தக் குழுவுக்கு வழங்கியில் அனுமதி கொடுத்து, ஊழியரைக் குழுவில் சேர்த்தால் முடிந்தது. ஆனால் இங்குள்ள சிறிய அலுவலகங்களில் டொமைன் இருப்பது அரிது. கடையில் வாங்கும்போதே விண்டோஸின் ஹோம் பதிப்புடன் வரும் கணினிகளை டொமைனில் சேர்க்கவும் முடியாது. அப்படியான இடங்களில், வழங்கிக் கணினியிலும் மேசைக் கணினியிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் உடைய உள்ளூர்க் கணக்குகளை உருவாக்கினால், விண்டோஸ் என்.டி.எல்.எம். முறையில் அவற்றைப் பொருத்திப் பார்த்து ஏற்றுக்கொள்ளும். ஐந்தாறு கணினிகளுக்கு இது சமாளிக்கக் கூடிய வேலை. பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தாதபோது, நம்பகமற்ற டொமைனிலிருந்து வந்த உள்நுழைவு என்று கூறும் 18452ஆம் இலக்க வழுச்செய்தி தோன்றும். டொமைனே இல்லாத அலுவலகத்தில் டொமைனைப் பற்றிப் பேசுவதால், இந்தச் செய்தி பலரைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது.

இதில் ஒரு தடங்கல் நம் அலுவலகங்களுக்கே உரியதுபோல் அடிக்கடி எதிர்ப்படுகிறது. யாரும் வந்து இருந்து வேலை செய்யட்டும் என்று பல கணினிகளுக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்க மாட்டார்கள். கடவுச்சொல் வெறுமையாக உள்ள கணக்கைக் கணினியின் முன்னால் இருந்து மட்டுமே பயன்படுத்தலாம், வலையமைப்பு வழியாகப் பயன்படுத்த முடியாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. ஆகவே இரண்டு பக்கமும் வெறுமையாக வைத்துப் பொருத்திவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது. தானாக உள்நுழையும் வசதி வேண்டுமென்றால், கணினிக்குள் நுழையும் இடத்திலாவது ஒரு கடவுச்சொல் இருந்தே தீரவேண்டும். இதை விளங்கப்படுத்தும்போது முகாமையாளரின் முகம் சற்று வாடும்.

டொமைன் உள்ள இடங்களுக்கு வேறொரு தொல்லை. அங்கே ஆளை உறுதி செய்வது, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1980களில் உருவாகி, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து மைக்ரோசொஃப்ட் பின்பற்றிவரும் கேர்பெரோஸ் நெறிமுறை. அதில் ஊழியரின் கணினி, டொமைன் கட்டுப்பாட்டு வழங்கியிடமிருந்து நேரம் குறிக்கப்பட்ட சீட்டு ஒன்றைப் பெற்று, தரவுத்தள வழங்கியிடம் காட்டுகிறது. பழைய சீட்டை யாரேனும் பிடித்து மறுபடி காட்டுவதைத் தடுக்கவே நேரம் குறிக்கப்படுகிறது. ஆகையால் கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். இயல்பான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற மின்கலம் செத்துப்போன பழைய கணினி, மின்சாரம் போய் வந்ததும் பல ஆண்டுகள் பின்னே சென்று எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், யூ.பி.எஸ். மின்கலங்கள் நிறைவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. விண்டோஸ் அடையாளத்தை உறுதி செய்யும் படி தவறும்போது எழும், எஸ்.எஸ்.பி.ஐ. சூழலை உருவாக்க முடியவில்லை என்ற வழுச்செய்தி வந்தால், அனுமதிகளைக் கிளறுவதற்கு முன் அந்தக் கணினியின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பல நூறு ரூபாய்கூட ஆகாத மின்கலத்தோடு முடிந்துபோகும் வேலையாக அது இருக்கலாம்.

விண்டோஸ் அடையாளத்தைப் பயன்படுத்த முடியாத இடங்களும் உண்டு. வழங்கி லினக்ஸில் இருக்கலாம், தரவுத்தளம் மைசீக்குவல் என்னும் வேறொரு மென்பொருளில் இருக்கலாம், அல்லது ஒரே விண்டோஸ் கணக்கில் பலர் வேலை செய்யவேண்டிய கட்டாயம் இருக்கலாம். அப்போது கடவுச்சொல்லைச் சேமிக்காமல், காலையில் ஒருமுறை மட்டும் கேட்டு, பிறகு நாள் முழுவதும் கேட்காமல் இருக்கச் செய்யலாம். அக்சஸின் ஒரு பழக்கம் இதற்குக் கைகொடுக்கிறது. ஓர் இணைப்பு வெற்றியாகத் திறக்கப்பட்டதும் அக்சஸ் அதைக் கைவசம் வைத்துக்கொள்கிறது. அதே இயக்கி, அதே வழங்கி, அதே தரவுத்தளம் கொண்ட வேறோர் அட்டவணையைத் திறக்கும்போது, புதிதாக உள்நுழையாமல் அதையே பயன்படுத்துகிறது. ஆகவே இணைக்கப்பட்ட அட்டவணைகளின் சரங்களில் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாதபடி இணைத்துவிட்டு, நாமே செய்த உள்நுழைவுப் படிவமொன்றில் ஊழியரிடம் அவற்றைப் பெற்று, நிரலின் வழியே பெயரிடாத தற்காலிக வினவல் ஒன்றுக்கு முழுச் சரத்தையும் கொடுத்து, வழங்கியிடம் ஏதாவது சிறிய கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும். வினவல் மறைந்துவிடும், கடவுச்சொல் கோப்பில் எங்கும் எழுதப்படாது, இணைப்பு மட்டும் நிலைத்திருக்கும். அதன்பின் எல்லா அட்டவணைகளும் படிவங்களும் பெட்டி இல்லாமல் திறக்கும்.

இந்த முறையைப் பயன்படுத்துபவர்கள் அதன் மறுபக்கத்தையும் தெரிந்திருக்க வேண்டும். கைவசம் உள்ள இணைப்பு அக்சஸை மூடும்வரை நிலைத்திருக்கும். படிவத்தில் வெளியேறு என்று ஒரு பொத்தானை வைத்து, அதை அழுத்தியதும் உள்நுழைவுப் படிவத்தைக் காட்டினாலும், பின்னால் பழைய ஆளின் இணைப்பே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து வருபவர் தன் பெயரில் நுழைந்ததாக எண்ணிக்கொண்டு முன்னவர் பெயரில் எழுதுவார். ஆகவே வெளியேறு பொத்தான் அக்சஸையே மூடவேண்டும். சரங்களில் எழுத்து ஒன்று வேறுபட்டாலும், உதாரணமாக ஓரிடத்தில் வழங்கியின் பெயரும் இன்னோரிடத்தில் அதன் ஐ.பி. முகவரியும் இருந்தால், அவை வேறு வேறு இணைப்புகளாகக் கொள்ளப்பட்டுப் பெட்டி திரும்பவும் வந்துவிடும். வழங்கி மின்தடையில் நின்று மீண்டும் எழும்பினால் கைவசம் இருந்த இணைப்பு செத்திருக்கும். பெரும்பாலும் அக்சஸை மூடித் திறப்பதுதான் வழி.

இனி, விண்டோஸ் அடையாளத்தை அமைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். கடவுச்சொல் இல்லாமல் வழங்கிக்குள் போகும் உரிமை அக்சஸ் படிவத்துக்குக் கிடைக்கவில்லை; அந்த ஊழியருக்குக் கிடைத்திருக்கிறது. அவர் எக்செலைத் திறந்து, தரவு பெறும் பட்டியிலிருந்து அதே வழங்கியின் பெயரைக் கொடுத்தால், அதே அட்டவணைகள் அங்கேயும் வந்து நிற்கும். வேறொரு வெற்று அக்சஸ் கோப்பில் அட்டவணையை இணைத்தால், படிவத்தில் நாம் பார்த்துப் பார்த்து வைத்த சரிபார்ப்புகள் எவையும் இல்லாமல் அடகுத் தொகையை நேரடியாக மாற்றலாம். படிவத்தில் ஒரு பொத்தானை மறைத்தால் அந்த அதிகாரம் போய்விட்டது என்று நினைப்பது, இந்த ஊரில் எழுதப்பட்ட அக்சஸ் செயலிகளில் நான் மிகுதியாகக் காணும் குறை. தானாக உள்நுழைதல் அந்தக் குறையை உருவாக்கவில்லை. அதை எல்லோருக்கும் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவருகிறது.

எனவே இணைப்பை இலகுவாக்கும் அளவுக்கு வழங்கியில் உரிமைகளை இறுக்கவேண்டும். காசாளர் குழுவுக்கு அட்டவணைகளில் நேரடியாக எழுதும் உரிமையே தேவையில்லை. அவர்கள் பார்க்கவேண்டிய நெடுவரிசைகளை மட்டும் காட்டும் காட்சிகளையும், பதிவு செய்வதற்குச் சேமித்த செயல்முறைகள் எனப்படும் சிறு நிரல்களையும் வழங்கியில் எழுதி, அவற்றை இயக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால், எக்செலில் வந்தாலும் எதில் வந்தாலும் அந்தச் செயல்முறையின் ஊடாகத்தான் எழுத முடியும். படிவங்களை அதற்கேற்ப மாற்றுவது உழைப்பு மிகுந்த வேலை என்பதை மறுக்கமாட்டேன். முழுவதையும் மாற்ற முடியாவிட்டால், காசு புழங்கும் இரண்டு மூன்று அட்டவணைகளையாவது இவ்வாறு பூட்டிவிடுவது தகும். செயலிக்கு மட்டும் உரிமை தரும் செயலிப் பாத்திரம் என்ற வசதி எஸ்.கியூ.எல். சேர்வரில் இருக்கிறது, ஆனால் அது இணைப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியே இயக்கப்பட வேண்டியது. அக்சஸோ தன் விருப்பப்படி பல இணைப்புகளைத் திறந்துகொள்ளும். இரண்டையும் பொருத்த முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

எஸ்.ஏ. என்னும் தலைமைக் கணக்கை அக்சஸ் இணைப்பில் பயன்படுத்துபவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2002 மே மாதத்தில், அந்தக் கணக்குக்கு வெறுமையான கடவுச்சொல் வைத்திருந்த வழங்கிகளைத் தேடித் தேடித் தொற்றிய கணினிப் புழுவொன்று உலகெங்கும் பரவியது. இன்று நிறுவும்போதே வலுவான கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். அப்படிக் கொடுத்த கடவுச்சொல்லை ஒவ்வொரு மேசையிலும் கிடக்கும் அக்சஸ் கோப்பில் சேமித்துவைத்தால், கதை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

ஒரே கணினியில் ஆள் மாறி ஆள் இருக்கும் அடகுப் பிரிவுக் கருமபீடத்தில் தானாக உள்நுழைதலை எப்படி அமைப்பது என்பது எனக்கு இன்றும் சிக்கலான கேள்வி. மதிய உணவுக்கு ஒருவர் எழும்பிப் போக, பக்கத்தில் இருப்பவர் அந்த இருக்கையில் அமர்ந்து பற்றுச்சீட்டு எழுதுகிறார். விண்டோஸில் வெளியேறி மறுபடி நுழைய அந்தப் பழைய கணினி எடுக்கும் நேரத்துக்குள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். இப்படியான இடத்தில் பதிவில் விழும் பெயரும் உண்மையில் எழுதியவரும் வேறு வேறு ஆட்கள். வழங்கியில் ஒவ்வொரு பதிவுக்கும், இணைந்திருப்பவரின் பெயரையும் நேரத்தையும் தானாக எழுதிவைக்கும் நெடுவரிசைகளைச் சேர்ப்பது எளிது. அக்சஸ் படிவம் அனுப்பும் பெயரை நம்பாமல் வழங்கியே அறிந்த பெயரை எழுதவேண்டும் என்பதும் சரி. ஆனால் வழங்கி அறிந்ததே பிழையாக இருக்கும்போது, உள்ளகக் கணக்காய்வில் அந்த நெடுவரிசை குற்றமற்ற ஒருவரைச் சுட்டிக்காட்டும். அதனால் கருமபீடக் கணினிகளுக்கு விண்டோஸ் அடையாளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலின் முடிவிலும் ஊழியரின் குறுகிய இரகசிய இலக்கத்தைக் கேட்டு, அதை வழங்கியில் உள்ள செயல்முறையே சரிபார்க்கும்படி செய்வதை நான் விரும்புகிறேன். நான்கு இலக்கங்கள் தட்டுவதற்கு அக்காமாரும் அவ்வளவாக மறுப்புச் சொல்வதில்லை. அனுமதியின்றிக் கணினிக்குள் புகுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உள்ள நாட்டில், பதிவில் யாருடைய பெயர் விழுகிறது என்பது அலுவலகத்துக்கு உள்ளேயே முடிந்துபோகும் விடயமாக இருக்க வேண்டியதில்லை.

கம்பியில் போகும்போது கடவுச்சொல் என்னவாகிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். எஸ்.கியூ.எல். சேர்வரின் நெறிமுறையில், உள்நுழைவுப் பொதியில் உள்ள கடவுச்சொல்லின் ஒவ்வொரு பைட்டிலும் முன்பாதியையும் பின்பாதியையும் இடம்மாற்றி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாறா எண்ணுடன் கலந்து அனுப்புவார்கள். அது மறைப்பே தவிர மறைகுறியாக்கம் ஆகாது. பொதியைப் பிடித்தவர் ஒரு நொடியில் அவிழ்த்துவிடலாம். 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, வழங்கி தானே உருவாக்கிக்கொள்ளும் சான்றிதழைக் கொண்டாவது உள்நுழைவுப் பொதியை மறைகுறியாக்குகிறது. 2022இல் வந்த 18ஆம் பதிப்பு ஓ.டி.பி.சி. இயக்கியோ, தொடர்பு முழுவதையும் மறைகுறியாக்குவதையே இயல்பாக்கிவிட்டது; வழங்கியின் சான்றிதழ் நம்பத்தக்கதா என்றும் அது பார்க்கும். பழைய இயக்கியை நீக்கிப் புதியதை நிறுவிய மறுநாள், எல்லாக் கணினிகளிலும் சான்றிதழ்ச் சங்கிலி நம்பப்படவில்லை என்ற செய்தி வருவது இதனால்தான். வழங்கியின் சான்றிதழை அப்படியே நம்பு என்ற சொல்லை இணைப்புச் சரத்தில் சேர்த்துவிட்டால் செய்தி மறைந்துவிடும். ஒரே அறைக்குள் உள்ள வலையமைப்புக்கு அதை ஏற்கலாம். நெல்லியடியிலோ சாவகச்சேரியிலோ உள்ள கிளை இணையத்தின் ஊடாக வருகிறதென்றால் ஏற்கக்கூடாது. அங்கே இணையத்தின் ஊடே மறைகுறியாக்கிய தனித்தடமான வி.பி.என். ஒன்றை அமைத்து அதன் உள்ளே கொண்டுவர வேண்டும். எஸ்.கியூ.எல். சேர்வர் இணைப்புகளை ஏற்கும் 1433ஆம் இலக்கத் துறையை வெளியுலகுக்குத் திறந்துவைப்பதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

இணைப்பு விவரங்களை விண்டோஸிலேயே பதிந்துவைக்கும், டி.எஸ்.என். எனப்படும் தரவு மூலப் பெயரைக் கணினிதோறும் சென்று அமைப்பதைவிட, எல்லா விவரங்களும் இணைப்புச் சரத்திலேயே இருக்கும்படி நிரலால் அட்டவணைகளை இணைப்பது மேல். 32 பிட் அக்சஸுக்கும் 64 பிட் அக்சஸுக்கும் தனித்தனியான ஓ.டி.பி.சி. நிருவாகச் சாளரங்கள் விண்டோஸில் உள்ளன என்பதும், ஒன்றில் அமைத்தது மற்றதில் தெரியாமல் போகக்கூடும் என்பதும் பலரின் மாலை நேரங்களை விழுங்கியிருக்கின்றன.

உள்நுழைவு தவறும்போது ஊழியரின் திரையில் 18456 என்ற இலக்கத்தோடு, உள்நுழைவு தோல்வி என்று மட்டும் தெரியும். காரணம் வேண்டுமென்றே மறைக்கப்படுகிறது. வெளியாள் ஒருவர் பெயர் சரியா, கடவுச்சொல் சரியா என்று தனித்தனியே அறிந்துகொள்ளக் கூடாதல்லவா? உண்மையான காரணம் வழங்கியின் வழுப்பதிவில், நிலை எண்ணாக இருக்கும். 5 என்றால் அப்படியொரு பெயரே இல்லை. 8 என்றால் கடவுச்சொல் பிழை. 58 என்றால் விண்டோஸ் அடையாளத்தை மட்டும் ஏற்கும்படி அமைத்த வழங்கியிடம் கடவுச்சொல்லோடு வந்திருக்கிறார்கள். எட்டாம் நிலை ஒரே மேசையிலிருந்து திரும்பத் திரும்ப வருமானால், விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த காலத்தில் திரையில் தெரிந்த உரு மட்டுமே தமிழாக இருந்தது. விசைகள் அனுப்பியவை ஆங்கில எழுத்துகளே, ஆகையால் கடவுச்சொல் ஒருபோதும் பிழையானதில்லை. யுனிகோடு ரெங்கநாதன் விசைப்பலகை வந்த பிறகு, புள்ளிகளாக மட்டும் தெரியும் அந்தப் பெட்டிக்குள் உண்மையாகவே தமிழ் போய் விழுகிறது. விண்டோஸ் அடையாளத்துக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை கணினிக்குள் நுழையும் முதற்திரையோடு முடிந்துவிடுகிறது.

மனிதர் யாரும் இல்லாத நேரத்தில் நடக்கவேண்டிய உள்நுழைவு ஒன்றும் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் வேலைகளை நேரம் குறித்து இயக்கும் ஏஜன்ட் கிடையாது. ஆகவே இரவுக் காப்புப்பிரதியை விண்டோஸின் பணி அட்டவணையாளர் மூலம் இயக்கவேண்டும். பலர் இதற்காக ஒரு தொகுப்புக் கோப்பில் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி, அதை மேசைத் திரையிலேயே வைத்திருப்பார்கள். அதற்குத் தேவையே இல்லை. காப்புப்பிரதி எடுக்கும் உரிமை மட்டும் உள்ள தனி விண்டோஸ் கணக்கொன்றை உருவாக்கி, பணியை அந்தக் கணக்கில் இயங்கச் செய்து, கட்டளைவரிக் கருவியை நம்பகமான இணைப்பில் அழைத்தால், கடவுச்சொல்லை விண்டோஸ் தன் பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொள்ளும். முகாமையாளரின் சொந்தக் கணக்கில் அந்தப் பணியை ஓடவிடுவது வேறொரு விதமான ஆபத்து. அவர் தன் கடவுச்சொல்லை மாற்றிய இரவிலிருந்து பணி தோற்கத் தொடங்கும், யாருக்கும் எந்தப் பெட்டியும் தோன்றாது. ஆகவே காப்புப்பிரதிக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகாதபடி அமைத்து, அந்தக் கணக்கால் மேசைக் கணினிகளில் உள்நுழைய முடியாதபடி தடுத்து, காப்புக் கோப்புறையில் கடைசிக் கோப்பின் திகதி நேற்றையதா என்று பார்க்கும் சிறிய சோதனையொன்றை அக்சஸின் முதற்படிவத்திலேயே சேர்த்துவிடுகிறேன். நேற்றையது இல்லையென்றால் படிவத்தின் மேல்வரி சிவப்பாகும். காசாளர் அக்கா தொலைபேசியை எடுப்பார்.